லீஃப்லெட்டின் தகவல் பெட்டி: ஒரு வரியில் திறக்கிறது, மிச்ச வேலை நம் தலையில்

இணைய வரைபடத்தில் ஒரு குறியைச் சொடுக்கியவுடன் அதன் தலைமேல் வெள்ளைப் பெட்டி ஒன்று எழும்பி, அந்த இடத்தைப் பற்றி நான்கு வரி சொல்லிவிட்டு, மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தொட்டதும் மறைந்துபோகும் காட்சி இன்று எவருக்கும் புதிதல்ல. 2005ஆம் ஆண்டில் கூகுள் மேப்ஸ் வெளிவந்த நாளிலிருந்தே அந்தப் பெட்டி நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. அதைச் சொந்தமாக அமைக்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கைகாட்டப்படுவது லீஃப்லெட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு. அந்த நிரலகத்தில் பாப்-அப் எனப்படும் இந்தத் தகவல் பெட்டி வசதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, அதை வைத்து ஒரு வரைபடத்தை முழுமையாகக் கட்டி முடித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

லீஃப்லெட்டை உருவாக்கியவர் உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகாஃபோன்கின். 2011இல் வெளிவந்த இந்த நிரலகம் திறமூல உரிமத்தில் கிடைப்பதால் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கணக்குத் தொடங்கவோ சாவி எண் வாங்கவோ தேவையில்லை. சுருக்கிய நிலையில் அதன் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஏறத்தாழ 42 கிலோபைட்தான். நான் பயன்படுத்தியது 2023 மே மாதம் வெளிவந்த 1.9.4 பதிப்பு. 2025இல் 2.0 பதிப்பின் ஆல்ஃபா, அதாவது தொடக்கநிலைச் சோதனை வெளியீடு வந்திருக்கிறது என்றாலும், இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளும் செருகுநிரல்களும் பெரும்பாலும் 1.9 வரிசையை நம்பியே இருப்பதால், இப்போது தொடங்குகிற ஒருவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

நான் கட்டிய வரைபடம் ஒரு தோட்டத்தின் மரங்களைக் காட்டுவது. சுமார் நானூறு மரங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், தாவரவியல் பெயர், அடிமரச் சுற்றளவு, ஒரு நிழற்படம், மரத்தைப் பற்றிச் சில வரிகள். மரத்தின் குறியைத் தொட்டால் இவையெல்லாம் ஒரு பெட்டியில் வர வேண்டும். கேட்பதற்கு ஒரு மாலைப் பொழுதின் வேலையாகத் தோன்றியது. முதல் மரத்தின் பெட்டி உண்மையிலேயே ஒரு மாலையில், சொல்லப்போனால் தேநீர் ஆறுவதற்குள், திறந்துவிட்டது. நானூறாவது மரத்தின் பெட்டி ஒழுங்காகத் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது லீஃப்லெட்டின் குணமும் குறையும்.

குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் ஒரு மார்க்கரை, அதாவது இடக்குறியை, வைக்கும் வரியின் கடைசியில் பைண்ட்-பாப்அப் என்ற கட்டளையைச் சேர்த்து, அதன் அடைப்புக்குறிக்குள் நாம் சொல்ல வேண்டியதை எழுதினால் போதும். பெட்டி, அதன் நிழல், கீழே குறியைச் சுட்டும் முக்கோண முனை, மூடும் பொத்தான், திறக்கும்போது மெல்லத் தோன்றும் அசைவு ஆகிய எல்லாமே தயாராக வருகின்றன. வட்டம், கோடு, பலகோணம் என எந்த வடிவத்துக்கும் அதே கட்டளை செல்லும். வெற்றிடத்தைச் சொடுக்கினாலும் பெட்டி திறக்க வேண்டுமென்றால், வரைபடத்தின் சொடுக்கு நிகழ்வைக் கேட்டு, அது தருகிற ஆயத்தொலைவில் ஒரு தனிப் பெட்டியை வைக்கலாம். கட்டளைகளின் பெயர்களைப் படித்தாலே அவை என்ன செய்யும் என்பது விளங்கிவிடுகிறது. பல ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தெளிவு எளிதில் வாய்ப்பதல்ல.

ஒரு பெட்டி திறந்திருக்கும்போது வேறொரு குறியைச் சொடுக்கினால் முந்தையது தானாக மூடிக்கொள்கிறது. வரைபடத்தின் வெற்றிடத்தைச் சொடுக்கினாலும் மூடிக்கொள்கிறது. எஸ்கேப் விசைக்கும் கட்டுப்படுகிறது. இரண்டு மரங்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்ற தேவை இருந்தால், தானாக மூடுதல், சொடுக்கினால் மூடுதல் என்னும் இரண்டு விருப்பங்களையும் அணைத்துவிடலாம். நான் அணைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் திரை முழுவதும் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எந்தப் பெட்டி எந்த மரத்துக்குரியது என்பதே தெரியாமல் போனதால் மறுபடியும் இயக்கிவிட்டேன். இயல்பாக எது இருக்க வேண்டுமோ அதையே இயல்பாக வைத்திருக்கிறார்கள்.

நானூறு மரங்களுக்கு நானூறு வரி எழுத முடியாது. தரவை ஜியோஜேசான் (இடத் தரவை எழுதிவைக்கும் வடிவம்) கோப்பாக வைத்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறை ஓடும் ஃபங்ஷன் (செயற்கூறு) ஒன்றில் பெட்டியைக் கட்டிவிடுவதே வழக்கம். இங்கே புதியவர்கள் கட்டாயம் தடுக்கி விழும் ஒரு படிக்கட்டு உண்டு. லீஃப்லெட்டின் கட்டளைகள் அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையை அடுத்தும் கேட்கின்றன. 2016இல் தரநிலையாக வெளியான ஜியோஜேசான் வடிவமோ தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. ஜியோஜேசான் கோப்பை அதற்குரிய கட்டளையின் வழியே கொடுத்தால் லீஃப்லெட்டே வரிசையைத் திருப்பிக்கொள்ளும். நான் அவசரத்தில் அந்த எண்களைக் கையால் பிரித்தெடுத்து மார்க்கரில் வைத்தேன். தோட்டத்து மரங்கள் அத்தனையும் நடுக்கடலில் முளைத்திருந்தன. பெட்டிகள் மட்டும் சரியாகத் திறந்தன என்பது ஓர் ஆறுதல்.

பெட்டிக்குள் வைக்க வேண்டியதை மூன்று விதமாகக் கொடுக்கலாம்: இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்டிஎம்எல்லில் எழுதிய எழுத்துச் சரமாக, ஆயத்தமான எச்டிஎம்எல் உறுப்பாக, அல்லது உள்ளடக்கத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனாக. பெரும்பாலான பாடங்கள் முதல் வகையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மூன்றாவது வகைதான் பெரிய வரைபடங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. நானூறு பெட்டிகளின் உள்ளடக்கத்தையும் பக்கம் திறக்கும்போதே தயாரித்து அடுக்கி வைப்பதற்குப் பதிலாக, எந்த மரத்தைத் தொடுகிறார்களோ அந்த மரத்துக்குரியதை மட்டும் அந்தக் கணத்தில் தயாரித்துக் கொடுக்கலாம். சொடுக்கப்பட்ட உருப்படியை லீஃப்லெட்டே அந்த ஃபங்ஷனின் கையில் கொடுத்துவிடுகிறது. பழைய நிரல்களில் வேரூன்றிப் பரவிக் கிடக்கும் ஒரு தொல்லையும், அதாவது சுழற்சிக்குள் எழுதப்பட்ட சொடுக்கு நிகழ்வுகள் எல்லாம் கடைசி உருப்படியின் தகவலையே காட்டும் கோளாறும், இந்த முறையில் தலைகாட்டுவதில்லை.

இனி நிழற்படத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை விழுங்கியது இதுதான்.

மரத்தின் குறியைத் தொட்டவுடன் பெட்டி அழகாகத் திறந்தது. அரை நொடி கழித்துப் படம் வந்து இறங்கியது. இறங்கிய வேகத்தில் பெட்டி மேல்நோக்கி வளர்ந்து, அதன் தலைப்பகுதி வரைபடத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. மரத்தின் பெயரையும் மூடும் பொத்தானையும் காணோம். இரண்டாம் முறை அதே மரத்தைத் தொட்டால் எல்லாம் சரியாக இருந்தது. முதல் முறை மட்டும் கெட்டு, மறுமுறை சரியாகும் கோளாறுதான் மனிதனை மிகவும் அலைக்கழிப்பது.

காரணம் லீஃப்லெட் பெட்டியை அளக்கும் முறையில் இருக்கிறது. பெட்டி திறக்கும் கணத்தில் உள்ளடக்கத்தை வரி உடையாமல் நீட்டிப் பார்த்து அதன் அகலத்தை அளக்கிறது. இயல்பான மேல்வரம்பான 300 பிக்சலுக்கு மேல் போனால் அங்கே நறுக்குகிறது. கீழ்வரம்பான 50 பிக்சலுக்குக் குறைந்தால் அதற்கு உயர்த்துகிறது. பிறகு பெட்டி முழுவதும் தெரியும்படி வரைபடத்தை நகர்த்துகிறது. இவ்வளவும் படம் வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. படத்தின் அளவு அதுவரை உலாவிக்குத் தெரியாததால் அளவும் தவறு, நகர்த்தலும் தவறு. பெட்டியின் அடிப்பகுதி குறியின்மேல் நிலையாக நிறுத்தப்பட்டிருப்பதால், பின்னால் வருகிற படம் பெட்டியை மேல்நோக்கித்தான் தள்ள முடியும். மறுமுறை சரியாக இருந்ததற்குக் காரணம், படம் அதற்குள் உலாவியின் நினைவில் தங்கிவிட்டதே.

இதற்கு மருந்து இரண்டு உண்டு. படக்குறியிலேயே, அதாவது படத்தைப் பக்கத்தில் வைக்கும் எச்டிஎம்எல் வரியிலேயே, அகலத்தையும் உயரத்தையும் எழுதிவிடுவது முதலாவது. படம் வருவதற்கு முன்பே அதற்குரிய இடத்தை உலாவி ஒதுக்கிவிடும். படம் வந்து சேர்ந்ததும் பெட்டியின் அப்டேட் கட்டளையை அழைத்து மறுபடியும் அளக்கச் சொல்வது இரண்டாவது. கையேடும் இதற்காகவே அந்தக் கட்டளை இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் உள்ளடக்கத்தை எழுத்துச் சரமாகக் கொடுத்திருந்தால், அப்டேட் கட்டளை அந்தச் சரத்தை மறுபடியும் முதலிலிருந்து எழுதிவிடும். பெட்டிக்குள் இருந்த பொத்தானுக்கு நாம் இணைத்துவைத்த சொடுக்கு நிகழ்வு பழைய பொத்தானோடு போய்விடும். என்னுடைய ‘இந்த மரத்தைக் குறித்துவை’ பொத்தான் சில நேரம் வேலை செய்து சில நேரம் செத்துக் கிடந்ததற்கு இதுவே காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன. உள்ளடக்கத்தை ஆயத்தமான உறுப்பாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அதே உறுப்பை எடுத்து மறுபடியும் வைக்கிறது. அளவை முன்கூட்டியே எழுதுவதே எளிய வழி. நானும் கடைசியில் அதற்கே வந்து சேர்ந்தேன்.

எழுத்துச் சரம் வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. கொடுக்கிற சரத்தை லீஃப்லெட் எச்டிஎம்எல் ஆகவே பக்கத்தில் இறக்குகிறது. அதைத் துப்புரவு செய்வதில்லை, செய்வதாகச் சொல்வதுமில்லை. தகவலை நாமே எழுதியிருந்தால் பரவாயில்லை. பார்வையாளர்களிடமிருந்து மரத்தைப் பற்றிய குறிப்புகளை வாங்கி அப்படியே பெட்டியில் காட்டினால், குறிப்பென்ற பெயரில் எவரும் நிரலை அனுப்பி, அடுத்து வருகிறவரின் உலாவியில் அதை ஓட வைக்கலாம். ஸ்கிரிப்ட் குறி இவ்வாறு இறக்கப்பட்டால் ஓடாது என்ற நம்பிக்கையில் சிலர் மெத்தனமாக இருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் இல்லாத படம் ஒன்றைச் சுட்டி, படம் கிடைக்காதபோது ஓட வேண்டிய கட்டளையைப் படக்குறிக்குள்ளேயே எழுதி அனுப்பினால், அது தடையில்லாமல் ஓடும். வெளியாரின் சொற்களை உரையாக மட்டுமே உறுப்புக்குள் வைப்பது, அதாவது டெக்ஸ்ட்-கன்டென்ட் வழியே வைப்பது, ஒரு வரி கூடுதல் வேலை. தொடக்கப் பாடங்களிலேயே இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் மனக்குறை.

தமிழில் வரைபடம் செய்கிறவர்கள் பெட்டியின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. பெட்டியின் உள்ளடக்கத்துக்கு லீஃப்லெட் வைத்திருக்கும் வரி உயரம் எழுத்தின் அளவைப் போல 1.3 மடங்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட நம் எழுத்துகளுக்கு அது நெரிசல். ‘கீ’யின் விசிறி மேல்வரியின் ‘கூ’வை இடிக்கும் அளவுக்கு வரிகள் ஒட்டிக்கொள்கின்றன. நான் அதை 1.6 ஆக உயர்த்தி, எழுத்தின் அளவையும் 13 பிக்சலிலிருந்து 15க்குக் கொண்டுபோனேன். எழுத்துருப் பட்டியலிலும் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லை என்பதால், ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள ஏதோ ஒன்றைக் காட்டும். நாமே ஒன்றைக் குறிப்பிட்டுவிடுவது நலம். இன்னொன்று, புணர்ந்து நீளும் சொற்கள். ‘கண்டறியப்பட்டிருக்கவேண்டியவற்றுள்’ போன்ற ஒரு சொல் குறுகிய திரையில் பெட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். சொல்லை எங்கும் உடைக்க இசைவு தரும் ஒரு சிஎஸ்எஸ் வரி இதைத் தீர்க்கிறது. (அப்படிப்பட்ட சொல்லை எழுதாமல் இருப்பதும் தீர்வுதான்.) பெட்டிக்கு நாமே ஒரு வகுப்புப் பெயர் சூட்ட இடமிருப்பதால், மூலக் கோப்பைத் தொடாமலே இத்தனையையும் மாற்றிக்கொள்ள முடிந்தது. இந்த நெகிழ்வுக்குத் தாராளமாக மதிப்பெண் தருவேன்.

சொந்தமாகக் குறிப்படம் வைக்கிறவர்கள் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லீஃப்லெட்டின் நீலக் குறி 25 பிக்சல் அகலமும் 41 பிக்சல் உயரமும் உடையது. பெட்டியின் முனை அதன் தலையருகே நிற்கும்படி கணக்கிடப்பட்டிருக்கிறது. நாம் மர வடிவப் படம் ஒன்றை வைத்துவிட்டு, பெட்டி எங்கிருந்து எழும்ப வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், பெட்டி மரத்தின் மேலேயே உட்கார்ந்து அதை மறைத்துவிடும். பாப்-அப் ஆங்கர் என்ற விருப்பத்தில் இரண்டு எண்களைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பெட்டி முழுவதும் தெரியும்படி வரைபடமே நகர்ந்துகொடுக்கும் வசதியைக் கணினியில் நான் மிகவும் விரும்பினேன். கைப்பேசியில் அதே வசதி எரிச்சலூட்டியது. திரை சிறியது, பெட்டி பெரியது. விளிம்பிலுள்ள ஒரு மரத்தைத் தொட்டால் வரைபடம் திடுமென்று பாதித் திரை அளவுக்கு நகர்கிறது, விரல் வைத்த மரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. வரைபடத்துக்கு எல்லை வகுத்திருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை: பெட்டியைக் காட்ட வரைபடம் ஒரு பக்கம் நகரும், எல்லையைக் காக்க மறுபக்கம் திரும்பும், ஊஞ்சல்போல. பெட்டியை எப்போதும் திரைக்குள்ளேயே வைத்திரு என்று சொல்லும் கீப்-இன்-வியூ விருப்பம் இதைத் தீர்க்கும் என்று எண்ணி இயக்கினால், பெட்டி திறந்திருக்கும்வரை வரைபடத்தை அப்பால் நகர்த்தவே விடாது. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டியின் நிலை. எல்லையைச் சற்று விரித்து, பெட்டியின் உயரத்துக்கு வரம்பிட்டு, வரம்பைத் தாண்டும் உரையைப் பெட்டிக்குள்ளேயே உருட்டிப் படிக்கும்படி செய்ததில் ஓரளவு அமைதி கிடைத்தது. ஆனாலும் கைப்பேசியில் பெட்டிக்குள் உருட்டுவது எனக்குப் பிடித்த செயலல்ல.

விசைப்பலகையால் மட்டும் இயங்குகிறவர்களுக்கும் திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைபடிப்பானை நம்பியிருப்பவர்களுக்கும் இந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பலர் சோதிப்பதில்லை. சுட்டியைத் தூர வைத்துவிட்டு நான் சோதித்தேன். டேப் விசையால் ஒவ்வொரு மார்க்கராகச் செல்ல முடிகிறது. என்டர் விசை பெட்டியைத் திறக்கிறது. இதுவரை நல்லது. ஆனால் நாம் மாற்றுரை (படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் உரை) எதுவும் தராவிட்டால், எல்லா மார்க்கருக்கும் மாற்றுரையாக ‘மார்க்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லே நிற்கும். நானூறு மரங்களும் நானூறு ‘மார்க்கர்’களாகக் காதில் விழும். மரத்தின் பெயரை மாற்றுரையாகக் கொடுத்ததும் இது தீர்ந்தது. தீராதது அடுத்தது: பெட்டி திறந்த பிறகும் விசையின் கவனம், அதாவது அடுத்து அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம், மார்க்கரிலேயே நிற்கிறது. பக்கத்தின் உள்ளமைப்பில் மார்க்கர்களுக்கான அடுக்கு முன்னாலும் பெட்டிகளுக்கான அடுக்கு பின்னாலும் இருப்பதால், பத்தாவது மரத்தின் பெட்டியிலுள்ள இணைப்பை அடைய விரும்புகிறவர், மிச்சமுள்ள 390 மரங்களையும் டேப் விசையால் கடந்தாக வேண்டும். பெட்டி திறக்கும் நிகழ்வைக் கேட்டுக் கவனத்தை உள்ளே கொண்டுபோய், மூடும் நிகழ்வில் மறுபடியும் மார்க்கருக்குத் திருப்பினால் சரியாகிறது. பத்து வரி நிரல்தான். அந்தப் பத்து வரி நிரலகத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். பலகோணங்களும் வட்டங்களும் டேப் விசைக்கு அகப்படவே அகப்படா என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன்.

குறிகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் என்ன செய்வது? ஒவ்வொரு மார்க்கரும் பக்கத்தில் ஒரு தனி உறுப்பு என்பதால், எண்ணிக்கை ஏற ஏற உலாவி மூச்சு வாங்கும். அருகருகே உள்ளவற்றை ஒரே எண்ணாகத் தொகுத்துக் காட்டும் மார்க்கர்-கிளஸ்டர் என்ற செருகுநிரல் உண்டு; ஒரே இடத்தில் குவிந்த குறிகளைச் சிலந்திக்கால்போல் விரித்து ஒவ்வொன்றின் பெட்டியையும் திறக்க விடுவது அதன் சிறப்பு. மார்க்கருக்குப் பதில் வட்டங்களைக் கேன்வாஸில், அதாவது ஒரே ஓவியப் பரப்பில், வரைவது இன்னொரு வழி. பெட்டிகள் அப்போதும் வேலை செய்யும். ஆனால் சிறு வட்டத்தை விரலால் சரியாகத் தொடுவது கடினம் என்பதால், சொடுக்குக்கான விளிம்பை அகலப்படுத்தும் டாலரன்ஸ் எண்ணைச் சுழியத்திலிருந்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மற்ற நிரலகங்களோடு வைத்துப் பார்த்தால் லீஃப்லெட்டின் இடம் இன்னும் தெளிவாகிறது. 2006இல் தோன்றிய ஓபன்லேயர்ஸ் பெட்டியே தருவதில்லை; ஆயத்தொலைவில் நிற்கும் ஒரு வெற்று மேலடுக்கைத் தரும், நிறம், நிழல், முனை, மூடும் பொத்தான் எல்லாம் நாமே செய்துகொள்ள வேண்டும். பொறுமையுள்ளவர்களுக்கு அது வரம். மேப்பாக்ஸ் நிரலகத்தின் உரிமம் 2020 டிசம்பரில் மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்த மேப்லிப்ரே, திசையன் வரைபடங்களுக்கு, அதாவது படங்களாக அன்றி வடிவத் தரவாக வந்து உலாவியில் வரையப்படும் வரைபடங்களுக்கு, உரியது. அதன் பெட்டி வரைபடத்தை நகர்த்துவதில்லை. இடம் போதாவிட்டால் தானே குறியின் கீழோ பக்கவாட்டிலோ போய் நின்றுகொள்கிறது. கைப்பேசியில் இதுவே நாகரிகம் என்று எனக்குப் பட்டது. உரையாக வைப்பதற்கும் எச்டிஎம்எல் ஆக வைப்பதற்கும் தனித்தனிக் கட்டளைகள் இருப்பதால், எது ஆபத்து என்பது பெயரிலேயே தெரிகிறது. திறந்தவுடன் விசையின் கவனத்தையும் உள்ளே அழைத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே அடுக்கில் வரையப்பட்ட புள்ளியைச் சொடுக்கும்போது, அதன் பண்புகளுக்குள் பட்டியல் இருந்தால் அது வெறும் எழுத்துச் சரமாகச் சுருண்டு வந்து சேரும், பிரித்தெடுக்க வேண்டும்; புள்ளியின்மேல் சுட்டி வந்தால் கைவடிவம் காட்டுவதைக்கூட நாமே எழுத வேண்டும்; விசைப்பலகைக்கு அந்தப் புள்ளிகள் இருப்பதே தெரியாது. கூகுள் மேப்ஸின் தகவல் பெட்டியான இன்ஃபோ-விண்டோ பழக்கமானது, நன்றாக இயங்குவது. சாவி எண்ணும் கட்டணக் கணக்கும் உடன் வரும்.

புதிய 2.0 ஆல்ஃபாவில் முக்கியமாக மாறுவது எழுதும் முறை. இதுவரை எங்கும் காணப்பட்ட எல் (L) என்ற ஒற்றை எழுத்துப் பொதுப்பெயரைத் தவிர்த்து, வேண்டிய பகுதிகளை மட்டும் இறக்குமதி செய்து, வகுப்புகளிலிருந்து பொருள்களை உருவாக்கும்படி செய்திருக்கிறார்கள். பழைய எடுத்துக்காட்டை ஒட்டிப் பார்த்து ஓடவில்லையே என்று குழம்புகிறவர்கள், தாங்கள் இறக்கியது எந்தப் பதிப்பு என்பதை முதலில் பார்க்கவும்.

குறைகளாக நான் எழுதியவற்றுள் பாதி, பெட்டிக்குள் அளவுக்கு மீறித் திணிக்க நினைத்த என் ஆசையால் வந்தவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 300 பிக்சல் அகலத்தில் நிழற்படம், அட்டவணை, மூன்று பத்திக் குறிப்பு, இரண்டு பொத்தான் என்று அடைத்தால் எந்த நிரலகமும் திணறும். பெயர் மட்டும் தெரிந்தால் போதுமென்ற இடத்தில், சுட்டி மேலே வந்ததும் தோன்றி விலகியதும் மறையும் டூல்-டிப் போதும். அதுவும் லீஃப்லெட்டிலேயே இருக்கிறது. ஆனால் தொடுதிரையில் விரலை மேலே நிறுத்திப் பார்ப்பது என்ற ஒன்று இல்லாததால், முக்கியமான எதையும் அதில் மட்டும் வைத்துவிடக் கூடாது. நீளமாகப் படிக்க வேண்டியதற்கு வரைபடத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு தனிப் பலகை அமைப்பதே முறை.

நானும் இறுதியில் அப்படியே பிரித்தேன். இப்போது மரத்தைத் தொட்டால் பெட்டியில் மூன்றே வரி: மரத்தின் பெயர், சாய்வெழுத்தில் தாவரவியல் பெயர், ‘மேலும் படிக்க’ என்ற இணைப்பு. இணைப்பைத் தொட்டால் நிழற்படமும் குறிப்பும் பக்கப் பலகையில் விரிகின்றன. கைப்பேசியில் அந்தப் பலகை கீழிருந்து எழும்புகிறது. வரைபடம் குதிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது, உருட்டும் தேவை போய்விட்டது, படத்துக்காக அளவு எழுதிய வரிகளைக்கூட அழித்துவிட்டேன். விசைக் கவனத்துக்கான அந்தப் பத்து வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

சில நூறு குறிகள், சுருக்கமான தகவல், கட்டணமில்லாத கருவி என்பது தேவையாக இருந்தால் லீஃப்லெட்டைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு நான்கு தருகிறேன். கழித்த ஒன்றில் பாதி விசைப்பலகைக்காக, பாதி எழுத்துச் சரத்தின் ஆபத்தைப் பாடங்கள் உரக்கச் சொல்லாததற்காக. திரள் திரளாகத் தரவும், சுழலும் சாயும் வரைபடமும் வேண்டுகிறவர்கள் மேப்லிப்ரேயிலிருந்தே தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.